மேற்செலவு

'சூப்பரெரோகாசியோ' என்றோர் இலத்தீன் சொல் உண்டு. குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்றோரைத் தவிரப் பிறர் அதனைக் கேட்டிருப்பது அரிது. கடமைக்கு மேற்பட்ட நற்செயல் என்பது பாடநூல் தரும் பொருள். சொல்லை அறியாத நம் பொதுநிலையினர், அதன் பொருளை மட்டும் தங்கள் வசதிக்கேற்ப வளைத்துக்கொண்டனர் என்பதே என் குற்றச்சாட்டு.

"சாமி, ஞாயிறு பூசை தவறுவதில்லை, கோவில் வரி பாக்கியில்லை, இதற்குமேல் செய்ய நாங்கள் என்ன துறவிகளா?" நோயுற்றுக் கிடக்கும் அயலாரைப் போய்ப் பாருங்கள் என்றால் நமக்குக் கிடைக்கும் பதில் இது.

இச்சொல் பிறந்த கதையைப் பார்ப்போம். 'ரோகாரே' என்றால் கேட்டல். மக்களைக் கேட்டு, அவர்தம் இசைவோடு பொதுப்பணத்தை எடுத்துச் செலவிடுவதை உரோமையர் 'எரோகாரே' என்றனர். 'சூப்பர்' என்னும் முன்னொட்டுச் சேர, மேற்கொண்டு செலவிடல் என்றாயிற்று. வுல்காத்தா எனும் இலத்தீன் விவிலியத்தில் லூக்கா 10:35-இல் இவ்வினைச்சொல் வருகிறது. நல்ல சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, அதற்குமேல் ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கும் இடம் அது. அங்கே மேற்செலவு எதற்காக? குற்றுயிராய்க் கிடந்தவன் பிழைப்பதற்காக. ஆக, இச்சொல்லின் முதல் அளவுகோல் கொடுப்பவரின் கடமையன்று, காயம்பட்டவரின் தேவையே.

பிற்காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் புனித தோமா அக்குவினாஸ் போன்ற இறையியலார், எல்லார்க்கும் உரிய கட்டளைகளையும் சிலர் விரும்பி ஏற்கும் அறிவுரைகளையும் பிரித்துக் காட்டினர். அப்பிரிவை நான் மறுக்கவில்லை. துறவற வார்த்தைப்பாடு எல்லார்க்கும் கட்டளையன்று. ஆனால், வீழ்ந்து கிடப்பவனைத் தூக்கிவிடுவது எப்போது அறிவுரைப் பட்டியலுக்கு மாறியது? உவமையைச் சொல்லி முடித்த ஆண்டவர், தம்மிடம் வினவிய சட்ட அறிஞரையும் போய் அவ்வாறே செய்யப் பணித்தார். 'விருப்பமிருந்தால்' என்று அவர் சேர்க்கவில்லை. அந்த அறிஞரோ துறவியும் அல்லர்.

பொதுநிலையினரை மட்டும் நான் குறை கூறவில்லை. உவமையில் முதலில் விலகிப் போனவர் குருவே. அதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு சுடுகிறது.

சமாரியர் கணக்கை முடிக்காமல், திறந்தே வைத்துவிட்டுப் போனார். நாமோ இரண்டு தெனாரியத்தை நீட்டிவிட்டு, கையோடு இரசீது கேட்கிறோம்.