அட்டையைப் பார்த்து வாங்கிக் கொடுத்தது போதும்

பிள்ளை கையில் போன் இல்லாமல் புத்தகம் இருந்துவிட்டால் நமக்குத் தலைகால் புரிவதில்லை. என்ன புத்தகம் என்று கேட்பதே பாவம் என்பதுபோல் நடந்துகொள்கிறோம். பத்தாவது படிக்கிற பையன் ராபர்ட் கிரீனின் ‘தி 48 லாஸ் ஆஃப் பவர்’ கேட்டால், விலையை மட்டும் பார்த்துவிட்டு ஜிபே செய்கிறோம். பின்னட்டையைக்கூடத் திருப்புவதில்லை.

1998இல் வந்த புத்தகம் அது. வேலையை அடுத்தவன் செய்யட்டும், பெயரை நீ தட்டிக்கொண்டு போ என்பது 7ஆவது விதி. நண்பனாக நடித்து உளவு பார் என்பது 14. எதிரியை மிச்சம் வைக்காமல் நசுக்கு என்பது 15. அரண்மனைச் சூழ்ச்சிகளைக் கதை கதையாகச் சொல்வதால் சுவாரசியத்துக்குக் குறைவில்லை, வில்லங்கமே அதில்தான். பதினைந்து வயதுப் பையனுக்கு எதிரி யார்? பக்கத்து பெஞ்சுக்காரன்தானே! அமெரிக்கச் சிறைகள் சிலவற்றில் இந்தப் புத்தகத்துக்குத் தடை உண்டு. அந்த வழிக்கு நாம் போக வேண்டாம். கூடவே ராபர்ட் சியால்டினியின் ‘இன்ஃப்ளுயன்ஸ்’ புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள்.

1984இல் அதை எழுதிய சியால்டினி உளவியல் பேராசிரியர். யார் வந்து கேட்டாலும் ஏமாந்துபோகிறோமே என்ற எரிச்சலில், தான் யாரென்று சொல்லாமல் விற்பனைப் பயிற்சிகளில் சேர்ந்து வித்தைகளைக் கற்றுக்கொண்டவர். அந்தக் காலத்தில் அமெரிக்க விமான நிலையங்களில் ஹரே கிருஷ்ணா இயக்கத்தார் பயணியின் கையில் பூவைத் திணிப்பார்களாம். வேண்டாமென்றாலும் திரும்ப வாங்க மாட்டார்கள். பிறகுதான் நன்கொடைப் பேச்சு. வாங்கிய கூச்சத்தில் காசைக் கொடுத்துவிட்டு, பூவைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டுப் போவார் பயணி. அதே பூவைப் பொறுக்கியெடுத்து அடுத்தவரிடம் நீட்டுவார்கள்!

இதைப் படித்த பிள்ளை நம்மையும் கேட்கும்: “ஸ்காலர்ஷிப் டெஸ்ட் ஃப்ரீ, பேக் ஃப்ரீ, ஆஃபர் இன்னையோட முடியுதுன்னு கோச்சிங் சென்டர்ல சொன்னதும் அட்வான்ஸ் கட்டினியேப்பா, ஏன்?” பதில் இருக்கிறதா உங்களிடம்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: டேல் கார்னகியின் ‘ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள்’. 1936ஆம் வருடத்துப் புத்தகம், தமிழிலும் கிடைக்கிறது. 1912இலேயே நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் பேச்சுப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தவர் அவர். எதிராளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேள் என்று அவர் சொல்லும் அத்தியாயத்தைப் பிள்ளையைவிட நாம்தான் முதலில் படிக்க வேண்டும்.

கிரீன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், இன்று ராத்திரி நாலு விதியாவது படியுங்கள். சாப்பிடும்போது, “இந்த 15ஆவது விதியை யார்மேல காட்டப்போற?” என்று சும்மா கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.