இரத்தக் கொதிப்பு: மாத்திரை வீடு தேடி வந்தது, வாய்க்குள் போகிறதா?

தலைவலி இல்லை. மயக்கம் இல்லை. காலையில் எழுந்து வயலுக்குப் போகிறார். மாலையில் திரும்பி வந்து வயிறாரச் சாப்பிடுகிறார். "எனக்கு என்ன நோய்?" என்று கேட்கிறார்.

அவர் கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்த்தால் 170-க்கு 100 இருக்கிறது!

இதுதான் இரத்தக் கொதிப்பு. வலிக்காத நோய். வலிக்காததால்தான் பொல்லாத நோய். பல்வலி வந்தால் ராத்திரியே வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். இரத்தக் கொதிப்பு பத்து வருடம் உள்ளே இருந்தாலும் வாயைத் திறப்பதில்லை. ஒரு நாள் ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிடுகின்றன. அல்லது நெஞ்சு அடைக்கிறது. அல்லது சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் எந்திரத்தின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராயகிரி. சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பக்கத்து ஊர். உழைக்கிறவர்கள் வாழும் ஊர். "இது பணக்காரர்களுக்கு வரும் நோய். உழைக்கிற உடம்புக்கு வராது" என்று இப்படிப்பட்ட ஊர்களில் இன்னும் சொல்கிறார்கள். அது சரியல்ல. தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. பட்டணத்தில் மட்டும் அல்ல, கிராமத்திலும்தான்!

ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரை

உலகப் போரை நடத்திய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு இந்த நோய் இருந்தது. அவருக்கு இல்லாத டாக்டர்களா? இருந்தும் என்ன பயன்? உப்பைக் குறையுங்கள், ஓய்வு எடுங்கள் என்றார்கள். அதற்கு மேல் கொடுக்க அந்தக் காலத்தில் நல்ல மருந்து இல்லை. 1945-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந்தேதி, தலையின் பின்பக்கம் தாங்க முடியாமல் வலிக்கிறது என்றார். சாய்ந்தார். அளந்தபோது 300-க்கு 190! மூளையில் இரத்தம் கசிந்து அன்றே காலமானார். வயது 63.

நான்கு வருடம் கழித்து, 1949-ல், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஒரு கட்டுரை எழுதினார். நம் நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்தி வந்த சர்ப்பகந்தா வேர் இரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று நோயாளிகளைச் சோதித்து எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த வேரில் இருந்து மருந்து எடுத்தார்கள். இன்று அதைவிட நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மாத்திரையை ராயகிரி விவசாயி அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கொடுக்காமல் வாங்கிக்கொள்கிறார்.

7 பேர் 17 பேர் ஆனது

அப்படியானால் கவலை எதற்கு? கணக்கைப் பாருங்கள்.

அந்த 2020-ம் ஆண்டு கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. இரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரில் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஆனால் 93 பேருக்குக் கட்டுப்படவில்லை!

ஏன்? மாத்திரை வாங்க ஒரு நாள் போக வேண்டும். பஸ் ஏற வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். மாத்திரை இலவசம்தான். அதை வாங்கப் போகிற நாள் இலவசம் அல்லவே! உடம்பில் வலி எதுவும் இல்லாதவர் கூலியை விட்டுவிட்டு எதற்காகப் போவார்?

இதற்குத்தான் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் வந்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் அளந்தார்கள். மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது.

பிறகு, 2023-24-ல் மீண்டும் கணக்கு எடுத்தபோது, கட்டுக்குள் இருப்பவர்கள் 100-க்கு 17 ஆகியிருந்தார்கள். மூன்று, நான்கு வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்! பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மீதி 83 பேர்?

மாத்திரையைப் படி ஏறிக் கொண்டுவந்து கொடுக்க அரசாங்கத்தால் முடியும். விழுங்க வைக்க முடியாது. இனிமேல் பாக்கி இருக்கும் வேலை வீட்டுக்குள் நடக்க வேண்டியது.

"குறைந்துவிட்டது, நிறுத்திவிட்டேன்"

வீட்டுக்குள் நடக்கும் முதல் தவறு இதுதான். மூன்று மாதம் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அளந்தால் 130-க்கு 80 இருக்கிறது. "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அது சரியானது அல்ல; மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது. மடையை அடைத்த பலகையை எடுத்தால் தண்ணீர் மறுபடியும் பாயத்தானே செய்யும்?

சிலருக்கு அம்லோடிபின் மாத்திரையால் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் சாப்பிட்டால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை எழுதிக் கொடுப்பார். ஒரு மாத்திரை எல்லோருக்கும் போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கு இரண்டு வேண்டியிருக்கும். அழுத்தம் குறையாவிட்டால் அதே சீட்டை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. "இன்னும் 150 இருக்கிறதே, ஐயா" என்று நீங்களே கேளுங்கள்.

மூட்டுவலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பல, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். களை எடுத்து இடுப்பு வலிக்கிறது என்று தினமும் ஒன்று விழுங்குகிறவர்கள் உண்டு. இதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

முருங்கைக் கீரை நல்லது. பூண்டும் நல்லது. சாப்பிடுங்கள். மாத்திரையையும் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டு உப்புக் கணக்கு

இப்போது அடுப்படிக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. ஆனால் உலகத்தில் சராசரியாக ஒருவர் அதைப்போல இரண்டு மடங்கு தின்கிறார் என்றும் அதே ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது.

நீங்களே கணக்குப் போடலாம். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 25 கிராம். மாதத்துக்கு 750 கிராம், அதாவது முக்கால் கிலோ. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு போதும். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாள் வருகிறது? பதினைந்து நாளில் தீர்ந்தால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

இந்த முக்கால் கிலோவுக்குள் குழம்பு உப்பு மட்டும் அல்ல, ஊறுகாயும் அடக்கம். அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், ரொட்டி, புரோட்டா சால்னா எல்லாம் அடக்கம்.

புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர் பெற்றது. ராயகிரியில் இருந்து அதிக தூரம் இல்லை. எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் இந்தப் பக்கத்தில் பழைய சோறு இறங்குமா? பழைய சோறு நல்ல சாப்பாடு. தொட்டுக்கொள்ளும் பொருளில்தான் ஆபத்து. ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்ளலாம். அதே எலுமிச்சம் பழத்தை ஊற வைக்காமல், பொரியலில் பிழிந்து பாருங்கள். புளிப்பு ஏறினால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.

மோருக்கு உப்பு, தயிர்ச் சோற்றுக்கு உப்பு, மாங்காய்க்கு உப்பு, சில வீடுகளில் சோறு வடிக்கும் உலையிலும் உப்பு! சோற்று உப்பை முதலில் நிறுத்துங்கள்.

நோயாளிக்கு மட்டும் தனியாக உப்பில்லாமல் சமைப்பது நம் பழக்கம். இது நிலைப்பதில்லை. நான்கு பேர் மணக்க மணக்கச் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் சப்பென்று எத்தனை நாள் சாப்பிடுவார்? வீட்டுக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். பிள்ளைகளுக்கும் நல்லது.

இந்துப்பு வாங்கினால் பயம் இல்லை என்று நினைக்கிறார்கள். விலைதான் அதிகம், அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு ஒன்று விற்கிறது. வீட்டுச் சமையலுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 2025 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் யோசனை சொன்னது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள்

வீடு தேடி வரும் திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சுகாதாரப் பணியாளர் பகலில் வருகிறார். அப்போது வீட்டில் இருப்பவர்கள் யார்? வயதானவர்களும் சில பெண்களும். நாற்பது வயது ஆண்பிள்ளை வேலைக்குப் போய்விடுகிறார். அவர் கையில் பட்டை சுற்றவே வழி இல்லை. பக்கவாதம் வந்தால் குடும்பமே படுத்துவிடும் வயது அந்த வயதுதான்! 2024-ல் தொழிற்சாலைகளுக்கும் போய்ப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தார்கள். நல்லது. ஆனால் கரும்புத் தோட்டத்துக்கு வாசல்கதவு ஏது? சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும், சந்தையிலும் டீக்கடை முன்பும் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள் பீடியோ காப்பியோ கூடாது. ஒரு தடவை கூடுதலாக இருந்தால் உடனே முடிவு கட்டக் கூடாது. வேறொரு நாளும் பார்க்க வேண்டும். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 108-க்குப் போன் செய்யுங்கள். மந்திரிக்கவோ, எண்ணெய் தேய்க்கவோ நேரம் இல்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ராயகிரியில் இருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் போல ஆகிவிடும்.

கேரளாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள், புறப்படுவதற்கு முன்பே அத்தனை நாளைக்கும் சேர்த்து மாத்திரை கேட்டு வாங்குங்கள். மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தீர்ந்துபோனால் ஊருக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். அங்கேயே அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.