கோலும் கோடும்



ஆண்டு விழா என்றதும் நம் நினைவுக்கு வருவது கோலாட்டம். அதற்குரிய கோல்களைக் கடையில் வாங்குவதா, நாமே வண்ணம் தீட்டிக்கொள்வதா என்ற கேள்வி இவ்வாண்டு எங்கள் வகுப்பில் எழுந்தது. நாமே தீட்ட வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

காரணம் உண்டு. சென்ற ஆண்டு அவரவர் கோலை அவரவரே வாங்கி வருவது என்று முடிவாயிற்று. நன்றாக ஆடிவந்த தோழி ஒருத்தி, கால் வலிக்கிறது என்று விலகிக்கொண்டாள். வலி காலில் இல்லை என்பதை விழா முடிந்த பின்னரே அறிந்தோம். அன்று கிடைத்த கைதட்டல் எங்களுக்கு இனிக்கவில்லை. (அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறோம்.)

ஆகவே இம்முறை வகுப்பில் ஒரு டப்பா வைத்தோம். இயன்றவர் இயன்றதை இட்டனர். யார் எவ்வளவு இட்டார் என்பது டப்பாவுக்கும் தெரியாது! அப்பணத்தில் மரக்கழிகளும் எனாமல் பெயிண்டும் வாங்கினோம்.

தட்டும் பக்கம் மஞ்சள், பிடிக்கும் பக்கம் நீலம். எல்லாக் கோல்களிலும் கோடு ஒரே இடத்தில் நேராக அமைந்தால்தான் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஆட்டத்தின் ஒழுங்கு தெரியும். உப்புத்தாளால் தேய்த்து, முழுவதும் மஞ்சள் பூசி, ஓர் இரவு காயவிட்டோம். மறுநாள் மாஸ்கிங் டேப் சுற்றி நீலம் பூசினோம். டேப்பை உரித்தால், அந்தோ! கோடு ரம்பப் பல்லாக இருந்தது.

"நுண்புழைத் தன்மையைப் படித்தீர்களே, மறந்துவிட்டீர்களா?" என்று சிரித்தார் விஞ்ஞான ஆசிரியை. டேப்பின் அடியிலிருந்த நுண்ணிய இடைவெளிகளில் நீலம் ஊர்ந்து நுழைந்திருக்கிறது. மீண்டும் தேய்த்து, மஞ்சள் பூசிக் காயவைத்தோம். டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தி, அதன்மேல் மஞ்சளையே மெல்லியதாகத் தடவினோம். நுழைவது மஞ்சளாகவே நுழைந்து வழியை அடைத்தது. அது காய்ந்த பின் நீலம். நீலம் முற்றும் உலருமுன் டேப்பைப் பின்புறமாக மடக்கி மெல்ல உரித்தோம். அடிக்கோல் வைத்து இழுத்தாற்போன்ற கோடு!

பொதுத்தேர்வு எழுத வேண்டிய பெண்களுக்கு இது வேண்டாத வேலை எனப் பெற்றோர் சிலர் கருதினர். அவர்கள் கவலை நியாயமானதே. ஆனால் நாங்கள் செலவிட்டவை ஐந்து மாலைகள், அதுவும் விளையாட்டு நேரம் மட்டுமே. நுண்புழைத் தன்மையை இனி எந்தத் தேர்விலும் நாங்கள் மறக்கப்போவதில்லை.

விழாவன்று யார் கோல் யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. சென்ற ஆண்டு விலகியவள் முதல் வரிசையில் ஆடினாள். வருங்காலப் பத்தாம் வகுப்புத் தங்கைகளே! கோல்களை உங்களிடமே விட்டுச் செல்கிறோம். வண்ணம் உதிர்ந்தால் மீண்டும் தீட்டுங்கள். டப்பாவும் அலமாரியில்தான் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி