அமைதிக்கும் ஓர் அறை வேண்டும்

அமைதி என்பது செல்வர்க்கு மட்டுமே உரிய பண்டம் என்று நம் நகரங்கள் தீர்ப்பளித்துவிட்டன. பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். 2001இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. 2003இல் துன் சம்பந்தன் சாலையின் தலைக்குமேல் மோனோரயில் ஓடத் தொடங்கிற்று. 2010இல் அவ்வட்டாரம் ‘லிட்டில் இந்தியா’வாக ஒப்பனை பெற்றது. அடுக்குமாடி வீட்டில் ஐந்தாறு பேருடன் நெருங்கி வாழும் மாணவன் புத்தகமும் கையுமாக எங்கே செல்வான் என்று எண்ணியவர் எத்தனை பேர்?

“கண்ணாடியால் அடைத்துக் குளிர்சாதனம் பூட்டினால் தீர்ந்தது” என்பாரும் உளர். மின்கட்டணத்துக்கே திண்டாடும் நம் மன்றங்களுக்கு இது விடையாகுமா? இடத்தை அமைக்கும் முறையால் பெறும் அமைதிக்கு மாதக் கட்டணம் இல்லை. 1965இல் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலைக் கண்டு வாருங்கள். பழைய புகைவண்டி நிலையத்துக்கு அருகில், நகரின் நெரிசலுக்கு நடுவில் அது நிற்கிறது. ஆயினும் அகன்ற தாழ்வாரங்களும் நீர்த்தடாகங்களும் தொழுகைக் கூடத்தைச் சாலையிலிருந்து விலக்கி வைத்துள்ளன. இது நமக்குப் புதிய வித்தையா? மதிலையும் பிரகாரத்தையும் கடந்தல்லவா நம் முன்னோர் கருவறையை அடைந்தனர்! வீட்டிலும் அறைகளை முற்றத்தை நோக்கித் திருப்பி, தெருப்பக்கம் கனத்த சுவரை நிறுத்தினர்.

நாம் செய்வதென்ன? கிள்ளானில், துறைமுகத்துச் சரக்கு லாரிகள் ஓயாது செல்லும் சாலையோரத்தில் ஒரு பள்ளிக்குக் கட்டடம் எழுந்தது. முகப்பு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று வகுப்பறைகளைச் சாலைப்பக்கம் வைத்தோம். பின்புறத்து அமைதியைப் பண்டக அறைக்கும் வாகனங்களுக்கும் கொடுத்தோம். ‘வைத்தோம்’ என்றே சொல்கிறேன். அக்குழுவில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. வகுப்பறையில் பாடவேளையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 1999இலேயே வகுத்துரைத்தது. அங்கோ லாரி கடக்கும்போதெல்லாம் ஆசிரியர் ழகரத்தை மும்முறை சொல்ல, கடைசி வரிசைப் பிள்ளை ளகரம் எழுதினான். குறைந்த மதிப்பெண் பெற்றவன் அவன். பிழை செய்தவர்கள் நாங்கள். (நம் விழா மண்டபங்களின் ஒலிபெருக்கிகளைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்நூல் போதாது.)

பிரிக்பீல்ட்ஸில் 1904இல் எழுந்த விவேகானந்தர் ஆசிரமத்தின் வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது, பாரம்பரியத்தின் பெயரால் மக்கள் எதிர்த்தனர். நன்று. அதன் முன்னால் விடப்பட்ட திறந்த வெளிக்காகவும் நான் எதிர்ப்பேன். இரைச்சல் மிகுந்த ஊரில் வெறுமையாய்க் கிடக்கும் நிலமும் ஒரு பொதுப்பணியைச் செய்கிறது.

இனி எந்த மண்டபத்துக்கு நன்கொடைச் சீட்டு என் மேசைக்கு வந்தாலும், முதலில் வரைபடத்தைக் கேட்பேன். சாலைப்பக்கம் எதை வைத்திருக்கிறீர்கள் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்வேன்.