ஒரே கல்லூரி, மூன்று பல்கலைக்கழகம்

மேற்படிப்புக்கு வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகளிடம் டிரான்ஸ்கிரிப்ட் என்று ஒரு காகிதம் கேட்கிறார்கள். எந்த ஆண்டு, எந்தப் பாடம், எத்தனை மதிப்பெண் என்று முழுவதையும் சொல்லும் பட்டியல் அது. பட்டம் வாங்கிய இடத்திலிருந்து மட்டும் தந்தால் போதாது. ஒரு வருடம் இருந்துவிட்டு எழுந்து வந்த கல்லூரியிலிருந்தும் வேண்டும் என்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விதி.

கேட்பதில் தப்பில்லை. "அந்த ஒரு வருஷத்தை விட்டுவிடு, யாருக்குத் தெரியப் போகிறது" என்று புத்தி சொல்லும் மாமன், சித்தப்பாக்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். என் சண்டை கேட்கிறவர்களோடு இல்லை, கொடுக்க வேண்டியவர்களோடு.

நம் பக்கத்து நிலைமையைப் பாருங்கள். குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964ல் தொடங்கியது. அப்போது நம் ஜில்லா சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1990ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது. அதே கல்லூரி, அதே சாரல்தான். ஆனால் 1980ல் பட்டம் வாங்கிய அம்மா மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், 2005ல் வாங்கிய மகள் அபிஷேகப்பட்டியில் இறங்க வேண்டும். பொறியியல் படித்தவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. 2007ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்துத் திருநெல்வேலிக்குத் தனியாக ஒன்று வைத்தார்கள், 2012ல் மறுபடியும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பிரித்ததும் சர்க்கார், சேர்த்ததும் சர்க்கார். அலைகிறவன் மட்டும் படித்தவன்.

பாவூர்சத்திரத்துப் பிள்ளை ஒன்று, ஒரு கல்லூரியில் சேர்ந்து, இன்னொன்றுக்கு மாறிப் பட்டம் வாங்கி, தபால் வழியில் எம்.ஏ.வும் முடித்திருக்கிறது என்று வையுங்கள். மூன்று இடம், மூன்று விண்ணப்பம், மூன்று கட்டணம், மூன்று கட்டு ஜெராக்ஸ். "செக்ஷன் ஆள் லீவு, திங்கட்கிழமை வாங்க" என்ற பதிலும் மூன்று தடவை. அமெரிக்காவில் பல இடங்களில் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். ஒரு காகிதம் பிந்தினால் ஒரு வருடம் போச்சு.

நானும் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன்தான். பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் தேடி, பார்த்து எழுதிச் சரிபார்ப்பது அரை நாள் வேலை. மீதி நாளெல்லாம் ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகரும் நாட்கள். இதை வேலைப் பளு என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

"போலிச் சான்றிதழ் பெருகிவிட்டது, அதனால்தான் இத்தனை கெடுபிடி" என்பார்கள். போலியைத் தடுக்க வேண்டும், சரி. அதற்கு வழி, கொடுப்பவர் கேட்பவருக்கு நேரே அனுப்புவது. பல இடங்களில் என்ன நடக்கிறது? உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, அந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்து "நீயே அனுப்பிக்கொள்" என்கிறார்கள். யார் மேல் சந்தேகமோ அவன் கையிலேயே பெட்டியையும் கொடுப்பது என்ன பாதுகாப்பு?

மற்ற தேசங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 2003ல் பெர்லினில் கூடிய ஐரோப்பியக் கல்வி மந்திரிகள், 2005லிருந்து பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் படிப்பின் முழு விவரம் சொல்லும் இணைப்புப் பத்திரத்தைக் கேட்காமலே, காசு வாங்காமலே தர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிரெஞ்சு வழியில் பள்ளிப் படிப்பு படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் சமாச்சாரங்கள் என் கண்ணில் படும். அங்கே நகலுக்குச் சான்றொப்பம் கேட்கும் வழக்கத்தையே 2001ல் சர்க்கார் ஆபீஸ்களில் எடுத்துவிட்டார்கள். இங்கேயும் 2014ல் மத்திய அரசு, கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைய வேண்டாம், சுய சான்றொப்பம் போதும் என்றது. டிஜிலாக்கர் வந்தது. 2021ல் மாணவர் சேர்த்த கிரெடிட்டுகளை ஓரிடத்தில் வைக்கும் ஏற்பாட்டைப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்தது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் பழைய பதிவேடுகள் எல்லாம் அதில் ஏறிவிடவில்லை. முப்பது வயதுக்கு மேல் மறுபடி படிக்கப் புறப்படுகிறவர்கள் இன்னும் கவுண்டரில்தான் நிற்கிறார்கள்.

நான் கேட்பது மூன்றே மூன்று. பட்டம் கொடுக்கும் அன்றே டிரான்ஸ்கிரிப்டும் கொடுங்கள். பழைய மாணவர் கேட்டால் இத்தனை நாளில் தருவோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி, அதன்படி நேரே அனுப்புங்கள். பல்கலைக்கழகம் மாறிய கல்லூரிகளில், எந்த வருடத்து ஆள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பொறுப்பைக் கல்லூரியே ஏற்கட்டும்.

அதுவரை, உங்கள் பேரன் பேத்தி படித்து முடிக்கிற வருடமே இரண்டு பிரதி வாங்கி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். கல்லூரி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்து, நான் சொன்னது அநியாயம் என்று நினைத்தால் எழுதுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.