அந்த ஓட்டையை யார் அடைத்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பவர்கள், முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன வாரம் என் அண்ணன் மகன் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டான். என் அப்பா, அதாவது அவனுடைய தாத்தா, விமானி அறையில் உட்கார்ந்திருக்கும் படம். ‘எங்கள் தாத்தா ஸ்பிட்ஃபயர் ஓட்டியபோது’ என்று கீழே எழுத்து. கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசி, மங்கலையெல்லாம் துடைத்து, பளபளவென்று இருந்தது. எத்தனை கைகூப்பல், எத்தனை ‘பெருமையாக இருக்கிறது’! என்னிடம் படித்தவர்களும் அதில் இதயம் போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன். அடுத்த மாதம் அப்பாவின் நினைவு நாளுக்கு அதைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டப்போகிறார்களாம்.

என் அப்பா விமானி இல்லை. இந்திய விமானப்படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர். கருவிகளைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டுகிறவர். படத்தில் இருப்பது ஸ்பிட்ஃபயரும் இல்லை, டகோட்டா.

“எப்படிச் சொல்றீங்க அத்தை?” என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் இதே கேள்வியை அவன் தன் போனிடம் கேட்கவே இல்லை. போன் ஸ்பிட்ஃபயர் என்றது, இவன் எழுதிவிட்டான். என் சண்டையே அதில்தான்.

மூலப்படம் என்னிடம் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அப்பா இடப்பக்க இருக்கையிலிருந்து திரும்பிப் பார்க்கிறார். அவர் முன்னால் ஒரு சக்கரம், அவருடைய தோளுக்கு அப்பால் வலப்பக்கம் இன்னொரு சக்கரத்தின் விளிம்பு. போரில் பறந்த ஸ்பிட்ஃபயரில் ஒருவர்தான் உட்கார முடியும். அதில் சக்கரமும் கிடையாது, கம்பியின் உச்சியில் வட்டப் பிடிதான். ஆக, ஸ்பிட்ஃபயர் இங்கேயே அடிபட்டுப் போகிறது. இரண்டு இருக்கைக்கும் நடுவில் லீவர்கள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. ப்ரொப்பெல்லருக்கு ஒரு ஜோடி, த்ராட்டில் ஒரு ஜோடி, எரிபொருள் கலவைக்கு ஒரு ஜோடி. அப்படியென்றால் இரண்டு எஞ்சின். அந்த மேடையின் இடப்பக்கம் பெரிய ட்ரிம் சக்கரம். முன் கண்ணாடி இரண்டு துண்டாக, நடுவில் தூணோடு. அதன் வழியே வெறும் வானம் தெரிகிறது. டகோட்டா வால் சக்கரத்தில் நிற்கிற விமானம், தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும். ஸ்பிட்ஃபயரும் அப்படித்தான் நிற்கும் என்பதால் வானம் தெரிவதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான் டகோட்டா என்கின்றன.

நானும் அந்தப் போனைச் சோதித்துப் பார்த்தேன். அதே படத்தில் அப்பாவை வெட்டிவிட்டு லீவர்களை மட்டும் காட்டினேன். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் என்றது. லங்காஸ்டருக்கு நான்கு எஞ்சின், நான்கு த்ராட்டில். எண்ணிப் பார்க்கத் தெரியாத பிள்ளை இரண்டு தடவையும் ஒரே தைரியத்தோடு கை தூக்குகிறது! வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளியில் ஒரு கண்காட்சி. பத்திரிகையிலிருந்து வெட்டிய விமானி அறைப் படம் ஒன்றை ஒட்டி, அடியில் ‘ஸ்பிட்ஃபயர்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். வட்டப் பிடி இருந்ததே, வேறென்ன வேண்டும்? பார்க்க வந்த அப்பா, பிள்ளைகள் எதிரிலேயே, “கதவு எங்கே?” என்றார். ஸ்பிட்ஃபயரின் இடப்பக்கச் சுவரில் கீழ்நோக்கித் திறக்கும் சின்னக் கதவு உண்டு. அந்தப் படத்தில் இல்லை. பக்கவாட்டில் சாய்வாக எஃகுக் குழாய்கள் ஓடின. அது ஹரிக்கேனின் எலும்புக்கூடு. ஸ்பிட்ஃபயருக்கு அந்தக் குழாய்க்கூடு கிடையாது, அலுமினியத் தகடும் சட்டங்களும்தான். வட்டப் பிடியோ ஹரிக்கேன், டெம்பெஸ்ட் எல்லாவற்றிலும் இருந்தது. அன்றைக்கு அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அப்பா சொல்வார், “டயலை நம்பாதே, டயல் மாறும்.” அன்றைய பிரிட்டிஷ் விமானங்களில் வேகம், உயரம், திசை காட்டும் ஆறு கருவிகளை ஒரே சதுரப் பலகையில் ஒரே வரிசைமுறையில் வைத்தார்கள், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் விமானி திணறக் கூடாது என்று. ஸ்பிட்ஃபயரிலும் அதே ஆறு, லங்காஸ்டரிலும் அதே ஆறு. மிக்-21 பலகையின் நடுவில் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். விமானம் சுழன்று விழும்போது கம்பியை நடுவுக்குக் கொண்டுவர அது குறி. ஆனால் அது மற்ற மிக் விமானங்களிலும் உண்டு. பல வருஷம் பறந்த விமானத்தில் பாதிக் கருவிகளை மாற்றியிருப்பார்கள். அருங்காட்சியகத்தில் காலி இடத்தைக் கிடைத்ததை வைத்து நிரப்புவதும் உண்டு. எளிதில் மாறாதது சட்டம், ஜன்னல், லீவர் நிற்கும் இடம். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது எனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

மூலப்படத்தில் பலகையின் நடுவே ஒரு ஓட்டை. டகோட்டாவில் தானியங்கி பைலட்டின் கைரோ பெட்டி உட்காரும் இடம் அது. அப்பா அதைக் கழற்றியிருக்கிறார். வலது கையில் திருப்புளி. அந்தக் கைரோ உறிஞ்சு காற்றில் சுழல்வது. தூசி ஏறினால் தள்ளாடும், தள்ளாடினால் தப்பாகக் காட்டும். மேகத்துக்குள் போன விமானிக்கு வெளியே ஒன்றும் தெரியாது, அந்தக் கருவிதான் கண். மெருகேற்றிய படத்தில் ஓட்டை இல்லை. அந்த இடத்தில் புத்தம் புது டயல் ஒன்று முளைத்திருக்கிறது, எந்த மொழியிலும் இல்லாத எண்களோடு. திருப்புளியைக் காணோம், கை சும்மா மடியில் கிடக்கிறது. சட்டையில், அவர் ஒரு நாளும் குத்திக்கொள்ளாத விமானி இறக்கைச் சின்னம்.

அப்பா செய்த வேலை அந்தப் படத்தில் தெரிந்ததே அந்த ஓட்டையிலும் திருப்புளியிலும்தான். இரண்டையும் அழித்துவிட்டு இறக்கை மாட்டியிருக்கிறீர்கள். ஃபிட்டர் தாத்தா போதாதா உங்களுக்கு?

“அன்பில்தானே செய்தான், விடு” என்று அண்ணி போன் செய்தார்கள். அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஸ்பிட்ஃபயர் என்றால் உயர்த்தி, டகோட்டா என்றால் லாரி என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? 1940இல் பிரிட்டன் வானில் நடந்த சண்டையில் ஸ்பிட்ஃபயரைவிட ஹரிக்கேன்கள்தான் அதிகம், வீழ்த்திய கணக்கிலும் அவைதான் முந்தி. 1944இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம்மவர்கள் பறந்ததும் ஹரிக்கேனில்தான். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படையைக் கொண்டுபோய் இறக்கியது டகோட்டா. அடுத்த மே மாதம் மெஹர் சிங் பத்தாயிரம் அடிக்கு மேல் இருக்கும் லே மண்ணில் இறங்கியதும் டகோட்டாவில். அப்பா சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனால் அவர் கை பட்டது அந்த ஜாதி விமானம். அதில் குறை என்ன கண்டீர்கள்?

பழைய விமானப் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்வதில் என் மாணவர்கள் சிலருக்கு ஆர்வம் உண்டு, எனக்கு அனுப்பவும் செய்கிறீர்கள். சந்தோஷம். இனி பெயரை மட்டும் அனுப்பாதீர்கள். படத்தில் எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பதில் போடுவேன். வரி இல்லாமல் வந்தால் போட மாட்டேன்.

மருமகனே, அந்தப் பதிவை இன்றைக்கே எடுத்துவிடு. அச்சுக்குக் கொடுத்ததையும் நிறுத்திவிடு, முன்பணம் போனால் அத்தை தருகிறேன். மூலப்படத்தை ஸ்கேன் செய்து முதல் கமென்டில் போட்டிருக்கிறேன். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அதையே மாட்டு. கீழே ‘டகோட்டாவில் கைரோ மாற்றும்போது’ என்று எழுது. கடைக்காரர் ஓட்டையைச் சரிசெய்து தரவா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்.