பனியன் நகரத்து மாணவருக்குக் கடலில் என்ன வேலை?

தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த மாணவ மாணவியர், புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் பாய்மரப் படகுகளில் பல நாள் பயணம் போய்வருவதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். காற்று வீசினால் பாய் விரிக்கிறார்கள். ஓய்ந்தால் துடுப்பு வலிக்கிறார்கள்.

"திருப்பூரில் பிறந்தவனுக்குக் கடலோடு என்ன உறவு? அந்த நேரத்தில் நாலு கணக்குப் போட்டால் மதிப்பெண்ணாவது கூடும்" என்று வீட்டில் சொல்லக்கூடும். என் கருத்து வேறு. கடலுக்குத் தொலைவில் வாழும் நம் மாணவர்கள்தாம் இத்தகைய பயணங்களில் ஆர்வத்துடன் சேர வேண்டும். ஆனால், தக்க தயாரிப்போடு சேர வேண்டும்.

காற்று நமக்குப் புதியதா என்ன? ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். காற்றாலையின் இறக்கை செய்யும் வேலையைத்தான் பாயும் செய்கிறது. வளைந்த பாய் காற்றின் திசையைத் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று பாயின் மீது எதிர்விசையைச் செலுத்துகிறது. அந்த விசையின் பெரும்பகுதி பக்கவாட்டிலும், சிறு பகுதி முன்னோக்கியும் அமைகிறது. நீருக்குள் இறங்கியிருக்கும் பலகை பக்கவாட்டு நகர்வைத் தடுத்துவிடுவதால், படகு முன்னே செல்கிறது. காற்று வரும் திசைக்கு நேர் எதிராகப் போக முடியாது. ஆனால் ஏறத்தாழ 45 பாகை சாய்வில், ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமுமாக மாறி மாறிச் சென்று, எதிர்க்காற்றிலும் முன்னேறலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையிலும், காரைக்கால் ஏறக்குறைய 11 பாகையிலும் உள்ளன. ஒரு பாகை அட்சரேகைக்கு 60 கடல் மைல், அதாவது சுமார் 111 கிலோமீட்டர். மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் நேராகச் சென்றால் 15 மணி நேரம் ஆகும். தென்திசைக் காற்று எதிர்த்தால், 45 பாகை சாய்வில் செல்ல வேண்டிய தூரம் 2இன் வர்க்கமூலத்தால், அதாவது 1.41ஆல் பெருகும். 60 கடல் மைல் 85 கடல் மைலாகும். பயணம் 21 மணி நேரத்தைத் தாண்டும்! வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று படகில் யாரும் கேட்கமாட்டார்கள்.

பாய் எந்தத் துணியால் ஆனது? பனியன் துணி ஏன் உதவாது? வளையம் வளையமாகப் பின்னிய துணி, இழுத்தால் நீளும். உடம்புக்கு அது சுகம். பாய் அப்படி நீண்டால் அதன் வடிவம் கெட்டு, விசை வீணாகும். ஆகவே ஊடும் பாவுமாக இறுக்கி நெய்த பாலியெஸ்டர் துணியைப் பயன்படுத்துகிறார்கள். இந்த வேறுபாட்டைத் திருப்பூர் மாணவருக்கு விளக்கவும் வேண்டுமோ?

இனி அபாயத்தைப் பார்ப்போம். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்! வேகம் கூடுவதற்கு முன்பே பாயைச் சுருக்குபவரே நல்ல மாலுமி. 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் கலந்துகொண்ட இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு நகர முடியாமல் கிடந்த அவரை, மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் கருவி அவரிடம் இருந்ததால்தான் அது முடிந்தது. அவரே மீண்டும் அப்போட்டியில் கலந்துகொண்டு, 2023 ஏப்ரலில் இரண்டாம் இடம் பெற்றார். துணிச்சல் என்பது ஆபத்தை மறப்பதன்று. அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வதாகும்.

எனவே நீச்சல் தெரியாமல், உயிர்காப்பு உடை அணியாமல், துணைப் படகு உடன் வராமல் எந்தப் பயணத்துக்கும் செல்லாதீர்கள். வானிலை சரியில்லை என்று தலைவர் திரும்பச் சொன்னால், முணுமுணுக்காமல் திரும்புங்கள். நம் ஊரில் இடர்ப்பாடு முதல் நிபந்தனையிலேயே இருக்கிறது. சாயக்கழிவு கலந்து கெட்ட நொய்யலில் எந்தப் பிள்ளை நீந்திப் பழகும்? நீந்தத் தெரியாத மாணவரைக் கடலுக்கு அனுப்புவது தவறு. பத்தாண்டுக் காலம் பள்ளியில் வைத்திருந்தும் நீச்சல் கற்றுத் தராமல் விடுவதும் தவறுதான். கடலுக்குப் போகாவிட்டாலும், ஒரு கிணற்றங்கரையில் அந்தப் பயிற்சி உயிர் காக்கும்.

பெண்களுக்கு இது ஏற்றதா என்று தயங்குவோரும் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, தில்னா என்ற சக அதிகாரியுடன் 2024 அக்டோபரில் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டார். இருவர் மட்டுமே உலகைச் சுற்றி, 2025 மே மாதம் கோவா திரும்பினர். இதைவிட வேறு பதில் வேண்டுமா?

உங்கள் பள்ளியிலோ, நாளை நீங்கள் சேரும் கல்லூரியிலோ தேசிய மாணவர் படை இருந்தால், கடற்படைப் பிரிவு உண்டா என்று விசாரியுங்கள். அதற்கு முன், வரும் விடுமுறையிலேயே தக்க பயிற்சியாளரிடம் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். கடற்பயணத்துக்கு முதற்பாடம் அதுதான்!